பால் பிடித்த சிப்பி

போன வருடம் தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து என் தங்கை மகன் வந்திருந்தான். ஆட்டுக்கறியும் கோழியும் அடுப்பில் இருந்தன. அவனுக்குப் பிடிக்குமே என்று மூன்று டஜன் சிப்பியும் வாங்கி வைத்திருந்தேன். பக்கத்துக் கெடா மாநிலத்து மெர்போக் ஆற்றுச் சிப்பி. சமைப்பதற்கு முன்னால் ஒன்றைத் திறந்து அவனிடம் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

“என்ன பெரியம்மா, பால் மாதிரி வெள்ளையா வழியுது? கெட்டுப் போச்சா?”

பெரிய ஓட்டல்களில் பனிக்கட்டி மேல் அடுக்கி வைத்த பிரெஞ்சு, ஆஸ்திரேலியச் சிப்பிகளைச் சாப்பிட்டுப் பழகியவன் அவன். அந்தச் சதை சாம்பல் பூத்த நிறத்தில், வெளிச்சம் ஊடுருவும்படி இருக்கும். நான் திறந்து வைத்ததோ கொழுகொழுவென்று, கட்டித் தேங்காய்ப்பால் நிறத்தில், ஓடு நிறைய உட்கார்ந்திருந்தது. கத்தி முனை பட்ட இடத்தில் வெள்ளையாகக் கசிந்தது. பழகாத கண்ணுக்கு அது கெட்டுப் போனதாகத்தான் தெரியும். பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் சமையல் தொழிலில் இருப்பவர்களே இந்தப் பாலைக் காரணம் காட்டி நம் ஊர்ச் சிப்பியை ஒதுக்குவதைக் கேட்டிருக்கிறேன். அது எனக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் பினாங்குத் தீவில் பாலிக் புலாவ் பக்கம் இன்னும் வயல்கள் இருக்கின்றன. பூத்து முடிந்த கதிரில் ஒரு மணியை எடுத்து நகத்தால் நசுக்கினால் வெள்ளையாகப் பால் வரும். நெல் பால் பிடித்திருக்கிறது என்போம். அதைப் பார்த்து யாரும் நெல் கெட்டுவிட்டது என்று சொல்வதில்லை. சிப்பிக்கும் அப்படி ஒரு பருவம் உண்டு. வெள்ளையாகக் கசிவது அதன் முட்டை, ஆணாக இருந்தால் விந்து. குளிர்நாட்டுச் சிப்பிகளுக்குக் கோடையில்தான் அந்தப் பருவம் வரும். மற்ற மாதங்களில் அவை கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். அங்கே கோடை மாதங்களில் சிப்பியைத் தவிர்க்கச் சொல்லும் பழைய வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். நமக்கு ஏது குளிர்காலம்? தண்ணீர் வருடம் முழுவதும் வெதுவெதுப்பு. தீனியும் வருடம் முழுவதும் உண்டு. அதனால் நம் சிப்பி ஏறக்குறைய எந்த மாதத்திலும் பால் பிடிக்கும். பிரான்சிலேயே பால் பிடித்த கோடைச் சிப்பிக்கு என்று தனிப்பெயர் இருக்கிறது. அதை விரும்பித் தேடிச் சாப்பிடுகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். பிறகு நமக்கு மட்டும் என்ன கூச்சம்?

சிப்பியை எனக்கு அறிமுகப்படுத்தியவர் அப்பா. ஜார்ஜ்டவுன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ஞாயிற்றுக்கிழமை நீர் வற்றும் நேரம் பார்த்து எங்களை பஸ்ஸில் ஏற்றி தஞ்சோங் பூங்கா என்ற கடலோர ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவார். கையில் ஒரு பழைய திருப்புளி, சின்னச் சுத்தியல், காலி மைலோ டின். அங்கே கடலோரப் பாறைகளில் சிப்பி ஒட்டிக்கொண்டிருக்கும். பாறையோடு பாறையாக, அதே நிறத்தில். அதன் கீழ் ஓடு கல்லோடு இறுகிப் போயிருப்பதால் பெயர்க்க முடியாது. மேல் ஓட்டின் கீல் பக்கம் திருப்புளியை வைத்து ஒரு தட்டு தட்டுவார். மூடி மாதிரி கழன்று வரும். உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்குச் சதை. அதைச் சுரண்டி டின்னில் போடுவார். ஒரு மணி நேரம் குனிந்து நின்றால் கால் டின் சேரும். அந்தப் பாறைகளில் வெறுங்காலோடு ஏறக்கூடாது என்று எத்தனை முறை சொல்லியும் கேட்காமல் ஏறி, ஓட்டின் விளிம்பு கிழித்த தழும்பு என் இடது பாதத்தில் இன்றும் இருக்கிறது.

பெரிய மழை பெய்திருந்தால் அப்பா போக மாட்டார். மூன்று நாள், நான்கு நாள் கழியட்டும் என்பார். “மழை குடிச்ச சிப்பி. சப்புன்னு இருக்கும், வயித்துக்கும் ஆகாது.” அவர் சொன்னதில் எத்தனை விஷயம் அடங்கியிருந்தது என்று பல வருடம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

சிப்பியால் தன் உடம்பின் உப்பை மீனைப் போலக் கட்டுப்படுத்த முடியாது. வெளியே தண்ணீரில் உப்பு கூடினால் அதற்கு ஈடு கொடுக்க கிளைசின், அலனின் போன்ற அமினோ அமிலங்களைத் தன் சதைக்குள் சேர்த்துக்கொள்ளும். நம் நாக்குக்கு லேசான இனிப்பாகவும், எலும்புச் சாறு மாதிரியான ருசியாகவும் தெரிவதில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். மழைத் தண்ணீர் புகுந்து உப்பு குறைந்தால் அந்தச் சேமிப்பை விட்டுவிடும். ருசியும் அதோடு போய்விடும். அது மட்டுமில்லை. பெருமழை ஊரில் உள்ள சாக்கடையை எல்லாம் கடலுக்குள் தள்ளுகிறது. சிப்பி அந்தத் தண்ணீரைத்தான் வடிகட்டித் தின்னும். அறிவியல் முறையில் சிப்பி வளர்க்கும் நாடுகளில் கனமழைக்குப் பிறகு அறுவடையை நிறுத்தி வைக்கச் சட்டமே இருக்கிறது. அப்பாவுக்குச் சட்டமும் தெரியாது, அமினோ அமிலமும் தெரியாது. நாக்கும் வயிறும் சொன்னதைக் கேட்டு நடந்தார்.

இன்று நான் அந்தப் பாறைகளில் எடுப்பதில்லை. நீங்களும் எடுக்க வேண்டாம். கரையெல்லாம் மாடி வீடுகள் எழும்பிவிட்டன. அந்தத் தண்ணீரை யாரும் நமக்காகச் சோதித்துப் பார்த்து, இன்றைக்கு எடுக்கலாம் என்று சொல்லப் போவதில்லை.

பினாங்கில் சிப்பி என்றால் முதலில் ஞாபகம் வருவது ஓ சியன்தான். ஹொக்கியன் மொழியில் ‘ஓ’ என்றால் சிப்பி, ‘சியன்’ என்றால் எண்ணெயில் பொரிப்பது. சம்பள நாளில் அப்பா எங்களை ஒட்டுக்கடைக்கு அழைத்துப் போவார். மரவள்ளி மாவைத் தண்ணீராகக் கரைத்து, காய்ந்த தட்டையான இரும்புச் சட்டியில் ஊற்றி, அது கண்ணாடிபோல ஆனதும் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி, பூண்டு வாசனை உள்ள குச்சாய்க் கீரை தூவி, கடைசியில் ஒரு கைப்பிடி சிப்பியைப் போடுவார் கடைக்காரத் தவுக்கே. கடைசியில்தான் போடுவார், அதை நான் அப்போதே கவனித்திருக்கிறேன். ஓரம் மொறுமொறு, நடு கொழகொழ, அதற்குள் சிப்பி ஒவ்வொன்றும் வெடித்துப் பால் விடும். அந்தப் பால்தான் மாவுக்கும் முட்டைக்கும் ருசி ஏற்றுகிறது. கண்ணாடி போன்ற குளிர்நாட்டுச் சிப்பியைப் போட்டால் உப்புத் தண்ணீர் விட்டுச் சுருங்கிவிடும். ஓ சியன் இந்த வெப்பக் கடலின் சிப்பிக்கு ஏற்ற பண்டம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் சிப்பி வளர்க்கிற இடத்தைப் பார்க்கப் போனேன். பினாங்குப் பாலத்தைத் தாண்டி வடக்கே கெடாவுக்குள் நுழைந்தால் ஜெராய் மலை கூடவே வரும். 1,217 மீட்டர் உயரம், சமதரையில் தனியாக நிற்கும் மலை. அந்தக் காலத்தில் கப்பல்காரர்களுக்கு அதுதான் அடையாளம். அதன் காலடியில் மெர்போக் ஆறு கடலில் கலக்கிறது. பூஜாங் பள்ளத்தாக்கு என்று நாம் பெருமையோடு பேசுகிற இடம், 1025இல் ராஜேந்திர சோழன் படை வந்த கடாரம், இந்த முகத்துவாரத்தைச் சுற்றித்தான். கோயில் அடித்தளங்களைப் பார்க்க மூன்று முறை மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். மூன்று முறையும் ஆற்றைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறியிருக்கிறேன்.

ஆறு என்கிறோமே தவிர, கடல் உள்ளே ஏறி இறங்கும் கழிமுகம் அது. இரண்டு பக்கமும் பக்காவ் மரங்கள், சேற்றில் கால் ஊன்றி நிற்கும் சதுப்புக் காடு. நடுவே நீலப் பீப்பாய்களைக் கட்டி மேலே பலகை போட்ட மிதவைகள். உரிமையாளர் ஒரு மலாய்ப் பெரியவர், ‘பக்சிக்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரிடம் வேலை செய்வது நம் பையன், பெடோங் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்தை விற்ற பிறகு குடும்பம் சுங்கைப்பட்டாணிக்கு வந்துவிட்டதாம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்று தெரிந்ததும் “வாங்க டீச்சர், பலகை வழுக்கும், கையப் புடிச்சுக்குங்க” என்று படகிலிருந்து ஏற்றிவிட்டான். அதற்குப் பிறகு பெரியவரைப் பேசவே விடவில்லை, எல்லாவற்றையும் அவனே சொன்னான். பெரியவர் சிரித்துக்கொண்டே கயிறு முடிந்துகொண்டிருந்தார்.

ஒரு கூடையை மேலே இழுத்தான். வலைப்பின்னல் போட்ட பிளாஸ்டிக் கூடை, சேறும் பாசியும் வடிந்தது. உள்ளே உள்ளங்கை அளவுச் சிப்பிகள். இதைத்தான் நூலில் கிராசோஸ்ட்ரியா ஐரடேலி என்று எழுதியிருக்கும், மலாய்க்காரர்களுக்குத் திராம். பையன் ஒன்றைத் திறந்து சதையைத் தள்ளிவிட்டு ஓட்டின் உட்புறத்தைக் காட்டினான். பளபளவென்ற வெள்ளைக்கு நடுவே, கட்டைவிரலில் மை தொட்டு வைத்தாற்போல ஒரு கருப்பு. ஓட்டை மூடித் திறக்கும் தசை ஒட்டியிருந்த தழும்பு அது. இந்த இனத்துக்கு அந்தக் கருந்தழும்புதான் அடையாளம். இதே கடலில் வளரும் இன்னொரு பெரிய இனமான பெல்செரியில் அந்த இடம் வெள்ளையாகவே இருக்கும்.

கூடையை மூடி இரண்டு கையாலும் பிடித்து முறத்தில் புடைப்பது மாதிரி குலுக்கினான். ஓட்டின் விளிம்பில் அப்பளம் போல மெல்லிசாக வளர்ந்திருந்த மடிப்புகள் நொறுங்கி விழுந்தன. எனக்குப் பதறியது. “ஏன் தம்பி, வளர்றத உடைக்கிறீங்க?” என்றேன்.

“உடைச்சாத்தான் டீச்சர் குழி ஆழமாகும். விட்டா நீளமா, தட்டையா, சப்பாத்தி மாதிரி போய்டும். ஓடு இருக்கும், சதை இருக்காது.”

முருங்கையை ஒடித்து விடுகிற கணக்குத்தான். வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கூடையும் மேலே வரவேண்டும். கொட்டலசைச் சுரண்டவேண்டும். படகின் அடியிலும் தூண்களிலும் எரிமலை வாய் மாதிரி ஒட்டிக்கொள்ளுமே, அதுதான் கொட்டலசு. சிப்பியின் மேலேயே வீடு கட்டிக்கொண்டு அதன் தீனியைப் பங்கு போடும். பெரிய சிப்பியையும் சிறியதையும் பிரித்துத் தனித்தனிக் கூடையில் போடவேண்டும், இல்லாவிட்டால் பெரியது தண்ணீரில் வருகிற தீனியை முந்திக்கொள்ளும். நண்டு ஓட்டை உடைக்கும், துளையிடும் நத்தை சத்தமில்லாமல் ஓட்டை போட்டுவிடும். எல்லாவற்றையும்விட அவன் வெறுத்தது சேற்றுப் புழுவை. ஒரு பழைய ஓட்டைக் காட்டினான். உட்புறத்தில் கொப்புளம் மாதிரி ஒரு வீக்கம். கத்தியால் குத்தினான், கருப்புச் சேறு வந்தது, முட்டை அழுகிய நாற்றம். புழு ஓட்டைத் துளைத்து உள்ளே சேறு சேர்க்கும்போது சிப்பி அதை மூடி மூடி மேலே புதுப்பூச்சு பூசுகிறதாம். கூடையைத் தண்ணீரிலிருந்து எடுத்து வெயிலில் கொஞ்ச நேரம் காயவைத்தால் புழுவும் பாசியும் தாங்காது. சிப்பி வாயை இறுக்கி மூடிக்கொண்டு தாங்கிவிடும்.

மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அப்பா ஞாபகத்தில் கேட்டதுதான். கூடையைக் கயிறு விட்டுக் கீழே இறக்கிவிடுவோம் என்றான். நல்ல தண்ணீர் லேசு, மேலே மிதக்கும். உப்புத் தண்ணீர் கனம், அடியில் நிற்கும். சிப்பி அந்த அடித்தண்ணீரில் இருந்து பிழைத்துக்கொள்ளும். மழை விடாமல் பெய்தால் அடியிலும் உப்பு போய்விடும். அப்போது மூடின வாயைத் திறக்காமல் பட்டினி கிடக்கும். எத்தனை நாள்தான் கிடக்கும்? வளர்ந்த சிப்பிகளே கூடை கூடையாகச் செத்துப் போகும். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் தணிந்தது. பெரியவரும் முடிச்சை விட்டுவிட்டு ஆற்றைப் பார்த்தார்.

எட்டு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் விற்கிற அளவுக்கு வந்துவிடும் என்றான். குளிர்நாட்டில் இதற்கு இரண்டு, மூன்று வருடம் ஆகும். நம் வெப்பம் கொடுக்கிற வரம் அது. தீனி என்று காசு கொடுத்து எதையும் வாங்கிப் போடத் தேவையில்லை. தண்ணீரில் மிதக்கிற நுண்பாசிதான் சாப்பாடு. மணிக்குப் பல லிட்டர் தண்ணீரை இழுத்து, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, தெளிவாக வெளியே விடுகிறது. மீனுக்கும் இறாலுக்கும் மூட்டை மூட்டையாகத் தீவனம் கொட்டுகிறோம். சிப்பிக்கு நல்ல தண்ணீரை மட்டும் கொடுத்தால் போதும். அந்த ஒன்றைக் கொடுப்பதுதான் இன்றைக்குச் சிரமமாக இருக்கிறது.

குஞ்சு எங்கிருந்து வருகிறது என்பது தனிக் கதை. பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் பிள்ளைகளை தெலுக் பஹாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். தீவின் வடமேற்கு மூலை, சாலை முடிந்து தேசியப் பூங்கா தொடங்கும் பக்கம். மெல்லுடலிகளை ஆராய்வதற்கே வாழ்நாளைக் கொடுத்த பேராசிரியர் எய்லீன் டான் போன்றவர்கள் அங்கே சிப்பிக் குஞ்சு பொரிக்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்து வருகிறார்கள். கண்ணாடிக் குடுவைகளில் பச்சையாகவும் தேயிலைச் சாய நிறத்திலும் நுண்பாசி வளர்த்து வைத்திருந்தார்கள். தொட்டித் தண்ணீரில் தூசி மாதிரி ஏதோ சுழன்றது. நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் ஒவ்வொரு தூசியும் ஓடு போட்ட உயிர் என்று தெரிந்தது.

ஒரு பெண் சிப்பி ஒரே தடவையில் லட்சக்கணக்கில், சமயத்தில் கோடியைத் தொடும் அளவுக்கு முட்டை விடும். தண்ணீரிலேயே விந்தோடு சேர்ந்து கரு உண்டாகும். இரண்டு, மூன்று வாரம் நீந்தித் திரியும். பிறகு அதற்கு ஒரு கரும்புள்ளிக் கண்ணும் சின்னக் காலும் முளைக்கும். அந்தக் காலால் ஊர்ந்து ஊர்ந்து இடம் தேடும். பிடித்த இடம் கிடைத்ததும் ஒரு பசையைச் சுரந்து இடது ஓட்டை ஒட்டிக்கொள்ளும். காலும் மறைந்து போகும். அதன் பிறகு ஆயுள் முழுவதும் அதே இடம்தான். இன்னொன்று: பெரும்பாலும் முதலில் ஆணாக இருந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும். இதைச் சொன்னபோது என் ஆறாம் ஆண்டு மாணவிகள் கைதட்டினார்கள்.

பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, “இதுக்குள்ள முத்து இருக்குமா டீச்சர்?” தமிழ்ப் பிள்ளைகள் சிப்பியைப் பார்த்தால் அதைத்தான் கேட்பார்கள். முத்து தரும் சிப்பி வேறு குடும்பம். தூத்துக்குடி முத்துச் சிப்பிக்கும் நாம் தின்னும் சிப்பிக்கும் பெயர்தான் ஒற்றுமை, ஆடும் ஒட்டகமும் மாதிரி தள்ளி நிற்பவை. தின்னும் சிப்பிக்குள் எப்போதாவது ஒரு மணி உருண்டாலும் அது சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒளியில்லாமல் இருக்கும். தின்னும் சிப்பி தூத்துக்குடியிலும் உண்டு. அங்கேயுள்ள இனத்துக்கு மெட்ராஸ் ஊரின் பெயரே வைத்திருக்கிறார்கள், கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ். சுண்ணாம்பு பூசிய ஓடுகளில் குஞ்சு பிடித்து, கம்பம் நட்டு வளர்க்கும் முறையை 1970களில் தூத்துக்குடியில் இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் செய்து காட்டியது.

இன்னொரு தொடர்பும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. 1980களின் பிற்பகுதியில் மலேசியாவில் சிப்பி வளர்ப்பைத் தூக்கி நிறுத்த மீன்வளத் துறையோடு கை கோத்தது ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம். அதன் தலைமை அலுவலகம் மெட்ராஸில் இருந்தது. மலேசியச் சிப்பிக்கான கோப்புகள் சென்னைத் தெருவில் ஏதோ ஓர் அலுவலக மேசையில் இருந்திருக்கின்றன. ஒரே கடலின் இரண்டு கரை என்று நான் சொல்லும்போது சிலர் மேடைப் பேச்சு என்று நினைக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்திலாவது அது கணக்கும் கோப்புமாக உண்மை.

பச்சையாகச் சாப்பிடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். என் பதிலை நேராகவே சொல்லிவிடுகிறேன். நான் சாப்பிடுவதில்லை. பத்து, பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விருந்தில் பச்சைச் சிப்பி ஆறு சாப்பிட்டு மூன்று நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தேன். எந்த ஊர்ச் சிப்பி, எத்தனை நேரம் வெளியே கிடந்தது, ஒன்றும் தெரியாது. நல்ல பண்ணைக்காரர்கள் அறுவடை செய்த சிப்பியைப் புற ஊதா ஒளியில் சுத்தம் செய்த கடல் தண்ணீரில் ஒன்றரை நாள், இரண்டு நாள் வைத்து, உள்ளே உள்ள அழுக்கை அதுவே கக்கும்படி செய்கிறார்கள். சாக்கடைக் கிருமிகள் பலவும் அதில் போய்விடும். ஆனால் விப்ரியோ என்ற கிருமி கடலிலேயே இயற்கையாக வாழ்வது. வெதுவெதுப்பான தண்ணீர்தான் அதற்குக் கொண்டாட்டம், இந்தச் சுத்திகரிப்புக்கும் எளிதில் அசையாது. சில வைரஸ்களும் அப்படித்தான். ஈரல் நோய் உள்ளவர்களுக்கு அந்த விப்ரியோவில் ஒரு வகை உயிருக்கே ஆபத்து. நீரிழிவு உள்ளவர்களும் தள்ளி இருக்கவேண்டும். நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீட்டை விரல் விட்டு எண்ணலாம். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன், அண்ணன்மாரே, அக்காமாரே, வேகவைத்துச் சாப்பிடுங்கள். கடல் நீரைச் சிவக்க வைக்கும் பாசிப் பெருக்கில் உண்டாகும் நஞ்சு வேறு விஷயம், அது வேகவைத்தாலும் போகாது. 1976இல் சபா கரையிலும் 2001இல் கிளந்தானிலும் அதனால் ஆட்கள் பாதிக்கப்பட்டார்கள். எச்சரிக்கை வந்தால் அந்தப் பக்கத்துச் சிப்பியைத் தொடவே கூடாது.

வேகவைப்பதில் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. கண்ணாடிச் சிப்பியை வேகவைத்தால் அதன் அழகு போய்விடும். பால் பிடித்த சிப்பியோ சூட்டில் தயிர் தோய்வது மாதிரி இறுகி, ஈரல் போலவும் முட்டைக் கரு போலவும் ஒரு கெட்டியான ருசி கொள்ளும். என் கை வழக்கம் இது. சிப்பியின் குழி ஓடு கீழே இருக்கும்படி துணியில் பிடித்து, கீலில் கத்தி முனையை வைத்துத் திருகித் திறக்கவேண்டும். முதலிலேயே வாய் பிளந்து, தட்டினாலும் மூடாத சிப்பி செத்தது, தூக்கிப் போடுங்கள். ஓட்டுக்குள் இருக்கும் தண்ணீரைக் கொட்டாமல் வடிகட்டி வையுங்கள். நல்லெண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை, நிறைய சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, பொடித்த மிளகு, கொஞ்சம் மஞ்சள். புளியும் தக்காளியும் வேண்டாம். வெங்காயம் நன்றாகச் சுருண்டு மசாலா எண்ணெய் விட்ட பிறகு அந்தச் சிப்பித் தண்ணீரை ஊற்றி வற்றவிட்டு, கடைசியில் சிப்பியைப் போட்டு மூன்று, நான்கு நிமிடம் கொதிக்கும் சூட்டில் பிரட்டவேண்டும். ஓரம் சுருக்கம் விழுந்து சதை இறுகியதும் இறக்கிவிடுங்கள். உப்பு போடுவதற்கு முன்னால் ருசி பாருங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. கஸ்தூரி எலுமிச்சையை இறக்கிய பிறகு பிழியவேண்டும்.

மெர்போக்குக்கு இரண்டாம் முறை போனபோது பையன் ஒரு பாடம் நடத்தினான். இரண்டு கூடையிலிருந்து ஒவ்வொன்றை எடுத்து, மிதவையிலேயே இருந்த அடுப்பில் ஓட்டோடு சுட்டுக் கொடுத்தான். முதலாவது உருண்டு திரண்டிருந்தது. வாயில் போட்டதும் லேசான உப்பு, உடனே இனிப்பு, மெல்ல மெல்லப் பாலேடு மாதிரி நாக்கில் படிந்து, கடைசியில் பித்தளைக் குவளையில் தண்ணீர் குடித்தால் வருமே, அந்த வாசம். சிப்பியில் துத்தநாகமும் செம்பும் நிறைய. இரண்டாவது ஓட்டுக்குள் ஒட்டிக்கொண்டு சன்னமாக இருந்தது. உப்பு மட்டும்தான், அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

“இது போன வாரம் பால் விட்டுருச்சு டீச்சர். வெறும் ஆளு. இப்ப வித்தா நம்ம பேருதான் கெடும். பக்சிக் விக்க விடமாட்டாரு.”

முட்டை விட்டு முடித்த சிப்பி அது. தன்னிடம் இருந்ததை எல்லாம் ஆற்றில் கொட்டிவிட்டுத் தண்ணீர் கோத்துப் போயிருந்தது. திரும்பத் தேற சில வாரங்கள் ஆகும். ஒதுக்கவேண்டியது இந்தச் சிப்பியைத்தான். நம் ஊர்ச் சிப்பி சரியில்லை என்று சொல்கிறவர்களில் எத்தனை பேர் இந்த மெலிந்ததைத் தின்றுவிட்டு, பால் பிடித்ததையும் சேர்த்து வைதிருப்பார்களோ! கூடையைத் தூக்கிப் பார்த்து எது நிறைந்திருக்கிறது, எது வெறும் ஆள் என்று சொல்லத் தெரிந்த கை அந்தப் பையனுடையது. அவனைப் போன்ற ஆட்களுக்கு நல்ல கூலி கிடைக்கவேண்டும், அந்த ஆற்றுக்கு மேலே இருக்கிற இறால் குளமும் ஊரும் கழிவை யோசித்து விடவேண்டும் என்பது என் பிரார்த்தனை.

தங்கை மகன் கதைக்கு வருகிறேன். முகம் சுளித்தவனிடம் அன்றைக்கு வாதம் செய்யவில்லை. பிரட்டலைச் சோற்றோடு வைத்தேன். ஒன்றைக் கடித்தான், பேசாமல் இன்னொன்றை எடுத்தான். பிறகு தட்டில் ஒட்டியிருந்த மசாலாவை வழித்துக்கொண்டே, “பெரியம்மா, இது ஈரலா?” என்றான். சிப்பிதாண்டா என்றேன். ஊருக்குக் கிளம்பும்போது மெர்போக் பையனின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனான்.

அன்று மிஞ்சிய ஓடுகளை என் அம்மா இருந்திருந்தால் சுட்டுச் சுண்ணாம்பாக்கலாமே என்றிருப்பாள், வெற்றிலை போட்டவள். நான் குப்பையில்தான் போடப்போனேன். அப்போது பையன் சொன்னது ஞாபகம் வந்தது. “ஓட்டத் தூக்கிப் போட்டுறாதீங்க டீச்சர், கழுவிக் காயவச்சுக் கொண்டாங்க. குஞ்சு வந்து ஒட்டுறதுக்குப் பழைய ஓடு மாதிரி வேற எதுவும் இல்ல.” நீந்தித் திரியும் குஞ்சு, ஏற்கனவே சிப்பி வாழ்ந்த இடத்தின் வாசனையை அறிந்து அங்கே இறங்குகிறது. ஓட்டைக் கயிற்றில் கோத்துப் பருவம் பார்த்து ஆற்றில் தொங்கவிட்டால் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

கொல்லையில் பழைய வாளியில் ஓடுகளை ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்து, சிமெண்டுத் தரையில் பரப்பியிருக்கிறேன். பக்கத்து வீட்டுச் சீன அம்மா, அவர்கள் வீட்டு ஓடுகளையும் ஒரு பையில் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். இரண்டு சாக்கு சேர்ந்துவிட்டது. மழை வராமல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் டிக்கியில் ஏற்றிப் பாலத்தைத் தாண்டிவிடுவேன்.